மதிப்புக்குரிய டெல்மன் எழுந்து நிற்கிறார்

தன் வாய்க்குச் சட்டசபை வேகக் கட்டுப்பாடு விதிக்கப்போகிறது என்ற செய்தி நோலா பிரான்டை எட்டியபோது, அவள் ஒரு வைக்கோல் வண்டியின் மேல் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை. கார்ஸ்டன்ஸ் வீட்டுப் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவருடைய பண்ணைச் சாமான்கள் ஏலத்துக்கு வந்திருந்தன. பனி கொட்டிக் கிடந்த முற்றத்தில் நூறு பேர் கம்பளித் தொப்பியோடு நின்றார்கள். நோலா ஒரு வாளி நிறைய குறடுகளை விற்றுக்கொண்டிருந்தாள். அவள் கணவன் விர்ஜில் கூட்டத்துக்குள் நின்றான். விலை கேட்கும் சைகையாக யாராவது தொப்பியைத் தொட்டால், புருவத்தை உயர்த்தினால், உதட்டைக் கடித்தால்கூட, "யெப்!" என்று தொண்டை கிழியக் கூவுவது அவன் வேலை. கேட்க வந்தவன் கேட்பதற்கு முன்பே அவனைக் கண்டுபிடித்துவிடுவான். முப்பது வருஷமாக இருவரும் இதில்தான் சாப்பிட்டார்கள்.

காபி இடைவேளையில் விர்ஜில் போனைப் பார்த்துவிட்டு வண்டியருகே வந்தான்.

"நோலா, ஏலக்காரங்க இனிமே நிமிஷத்துக்கு நூத்தியிருபது வார்த்தைக்கு மேல பேசக் கூடாதாம். மசோதா வந்திருக்கு."

"நூத்தியிருபதா? நான் தூங்குறப்பவே அதுக்கு மேல பேசுவேன்."

"எனக்குத் தெரியாதா? பக்கத்துல படுக்குறவன் நான்தானே." அவன் மேலே படித்தான். "மீறினா உரிமம் போச்சு. புது உரிமம் வேணும்னா தொள்ளாயிரம் மணி நேரம் பயிற்சி. அங்கீகாரம் உள்ள கழகத்துலதான்."

"எத்தனை கழகம் இருக்கு?"

"ஒண்ணு."

"யாரோடது?"

விர்ஜில் போனைத் திருப்பிக் காட்டினான். அதில் ராய்ஸ் டெல்மனின் பற்கள் தெரிந்தன. பற்களுக்குப் பின்னால் ராய்ஸ் டெல்மனும் இருந்தார்.

ராய்ஸ் டெல்மன் அரசியலுக்கு வந்தது சேவை செய்வதற்காக. இதை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். வருவதற்கு முன் அவருக்குப் பதினோரு மாவட்டங்களில் பதினோரு ஏல மண்டபங்கள் இருந்தன. அந்த மண்டபங்களில் ஏலக்காரர் கிடையாது. ஒரு திரை இருக்கும். பதிவு செய்த குரல் ஒன்று, பல் டாக்டர் வீட்டு வரவேற்பறைப் பெண் மாதிரி, நிதானமாக விலை சொல்லும். ஜனங்கள் அங்கே போகவில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டு நோலாவின் வைக்கோல் வண்டியைச் சுற்றித்தான் நின்றார்கள்.

"அரசாங்கத்தை வியாபாரம் மாதிரி நடத்துவேன்" என்பது அவருடைய தேர்தல் வாக்குறுதி. வாக்குறுதியைக் காப்பாற்றிய அரிதான உறுப்பினர்களில் அவர் ஒருவர். முதல் வருஷத்திலேயே, நெடுஞ்சாலை ஓரத்தில் நாற்பது அடிக்கு மேல் விளம்பரப் பலகை வைக்கக் கூடாது என்ற சட்டத்தில், ஏல மண்டபங்களுக்கு மட்டும் விலக்கு வாங்கினார். இரண்டாம் வருஷம், பள்ளிக்கூடங்களின் பழைய மேசை நாற்காலிகளைக் "கூரையும் சூடேற்றும் வசதியும் உள்ள இடத்தில்" மட்டுமே விற்க வேண்டும் என்று ஒரு சட்டம். அப்படிப்பட்ட இடங்கள் மாநிலத்தில் பதினொன்று இருந்தன. மூன்றாம் வருஷம் வணிக உரிமக் குழுவுக்குத் தலைவரானார்.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு நாள் நோலாவின் சமையலறைக்கும் வந்திருந்தார். அவள் வைத்த காபியைக் குடித்தார். ஏலக்காரர்களின் சொத்து என்பது அவர்கள் கையிலிருக்கும் சனிக்கிழமைகள்தான். யார் வீட்டு ஏலம் எந்த வாரம் என்று குறித்த காலண்டர்தான். ராய்ஸ் சுவரில் தொங்கிய அந்தக் காலண்டரைக் காட்டி, "இத எனக்குக் குடுத்துடு நோலா" என்றார்.

"சனிக்கிழமை விக்கிறதுக்கில்ல ராய்ஸ்."

"சரி." அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "சனிக்கிழமைய நீயே வச்சுக்கோ. அன்னைக்குப் பேசறதுக்கு வாய் இருக்கான்னு அப்புறம் பாப்போம்."

அதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருந்தார்.

* * *

மசோதாவின் மேல் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவிப்பு வந்தது. நோலாவும் விர்ஜிலும் நான்கு மணி நேரம் வண்டி ஓட்டித் தலைநகர் போனார்கள். சட்டசபைக் கட்டடத்தின் அடித்தளச் சிற்றுண்டிச் சாலையில் பீன்ஸ் போட்ட காரமான இறைச்சிக் குழம்பும், அதற்குத் தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் சாப்பிட்டுவிட்டு, ஒன்றரை மணிக்குக் குழு அறையில் போய் உட்கார்ந்தார்கள்.

ஒன்றரை மணிக்குக் குழு, மாநிலத்தின் அதிகாரபூர்வமான பீன்ஸ் எது என்று விவாதிக்கத் தொடங்கியது. சிவப்பா வெள்ளையா என்பதில் உறுப்பினர்கள் இரு பிரிவாகப் பிரிந்தார்கள். ஒருவர் தன் தாயாரை நினைத்துக் கண் கலங்கினார். நான்கு மணிக்கு, இரண்டையும் கௌரவிக்க ஒரு துணைக்குழு அமைத்துவிட்டு, ஏலக்காரர்கள் பக்கம் திரும்பினார்கள்.

முதலில் டெல்மன் ஏலப் பயிற்சிக் கழகத்தின் முதல்வர் பேசினார். எல்லோருக்கும் இரண்டே நிமிடம். மேசையில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் இருந்தன. ஆனால் உறுப்பினர் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் நேரம் கணக்கில் வராது. உறுப்பினர்கள் முதல்வரிடம் முப்பத்தைந்து நிமிடம் கேள்வி கேட்டார்கள். "உங்கள் கழகம் ஏன் இவ்வளவு சிறப்பாக இருக்கிறது?" என்பது அவற்றில் கடுமையான கேள்வி.

பிறகு முதல்வர், சட்டைக் காலரில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்னக் கருவியை எடுத்துக் காட்டினார். பேச்சு நூற்றிருபது வார்த்தையைத் தாண்டினால் அது கோழிக்குஞ்சு மாதிரிக் கத்தும். எல்லா ஏலக்காரரும் அதை மாட்டிக்கொள்ள வேண்டும். அதைத் தயாரிப்பவர் ராய்ஸின் மச்சான் என்பது தற்செயல். ராய்ஸ் தலைவர் நாற்காலியிலிருந்து கீழிறங்கி வந்து, கருவியைத் தன் காலரிலேயே மாட்டிக்கொண்டு பேசினார்.

"நான் ஒரு வியாபாரி. எனக்குப் போட்டி ரொம்பப் புடிக்கும். புடிக்கிறதாலதான், அது சின்னதா, ஒழுங்கா, கைக்கு அடக்கமா இருக்கணும்னு சொல்றேன். நம்ம ஊர்ல எத்தனை வயசானவங்க, கட்டில் வாங்கப் போய், இந்த ஆளுங்க பேசுற வேகத்துல கன்னுக்குட்டி வாங்கிட்டு வந்திருக்காங்க தெரியுமா?"

கருவி கத்தியது. முதல்வர் அதைத் தட்டினார். அது இன்னும் கத்தியது.

"பேட்டரி" என்றார் ராய்ஸ், அதைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டபடி. பாக்கெட்டுக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் கத்தியது.

ஒரு உறுப்பினர் கேட்டார்: "கன்னுக்குட்டி வாங்கினவங்க பேர் ஒண்ணாவது சொல்ல முடியுமா தலைவரே?"

"பேரச் சொல்றது அவங்களுக்கு மரியாதையா இருக்காது."

எல்லோரும் அந்தப் பண்பைப் பாராட்டினார்கள். அடுத்து நோலாவைக் கூப்பிட்டார்கள்.

நோலா மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தாள். சாதாரண மனிதர் வாசித்தால் ஒன்பது நிமிடம் ஆகும். அவளுக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். அவள் விளக்கைப் பார்த்தாள், மூச்சை இழுத்தாள், தொடங்கினாள். ஒரு சொல் விடவில்லை. தன் தொழில், தன் வாடிக்கையாளர்கள், ஒரு நாளில் முந்நூறு சாமான் விற்றாக வேண்டிய விதவைகள், மெதுவாக விற்றால் இருட்டிவிடும் என்ற சங்கடம், அத்தனையையும் சொல்லி முடித்து, சிவப்பு விளக்கு எரிவதற்கு ஒரு நொடி முன்னால் "நன்றி" என்றாள்.

சுருக்கெழுத்துக்காரர் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"குறிப்புல என்ன இருக்குன்னு கொஞ்சம் படிங்க" என்றார் ராய்ஸ் அன்போடு.

சுருக்கெழுத்துக்காரர் படித்தார். "'வணக்கம், என் பேர் நோலா பிரான்ட்.' அடைப்புக்குறிக்குள், 'சாட்சி ஒலி எழுப்பினார்.'"

குழு சிரித்தது. பீன்ஸ் விவாதத்தில் அழுதவர்தான் அதிகமாகச் சிரித்தார்.

"இதுக்கு மேல நான் என்ன சொல்ல?" ராய்ஸ் கைகளை விரித்தார். "சட்டம் எதுக்குன்னு சாட்சியே வந்து காட்டிட்டாங்க. அவங்களுக்கு என் நன்றி."

ஒன்பதுக்கு இரண்டு என்ற கணக்கில் மசோதா குழுவைத் தாண்டியது. தாழ்வாரத்தில் ராய்ஸ் நோலாவின் தோளைத் தட்டினார். "மனசுல வச்சுக்காத. ஜூன்ல சட்டம் வந்ததும் கழகத்துல வந்து சேரு. முதல் பாடமே மூச்சு விடுறது எப்படிங்கறதுதான்."

திரும்பி வரும் வழியில் நான்கு மணி நேரமும் நோலா ஒரு வார்த்தை பேசவில்லை. விர்ஜிலுக்குப் பயமாகிவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை.

* * *

ஏப்ரலில் ஒரு போன் வந்தது. பேசியது சட்டசபையின் தலைமை எழுத்தர் ஃபெர்ன் அப்டன்.

"நோலாவா? அன்னைக்குக் குழு அறையில நான் பின்னால உக்காந்திருந்தேன். உன் மூணு பக்கத்த ரெண்டு நிமிஷத்துல முடிச்ச. ஒரு வார்த்தை விடல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"யாராவது ஒருத்தர் கேட்டீங்களே. சந்தோஷம்."

"எனக்கு உன் வாய் வேணும். நாளைக்கே."

விஷயம் இதுதான். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவருடைய ஊருக்குப் பாலம் வரவில்லை. அந்தக் கோபத்தில் அவர், மிச்சமிருக்கும் எல்லா மசோதாக்களையும் சபையில் முழுசாக, சத்தமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டார். மாநில அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு வரி உண்டு. ஒருவர் கேட்டால் போதும், படித்தே ஆக வேண்டும். கூட்டத் தொடரோ வெள்ளிக்கிழமை நண்பகலோடு முடிகிறது. முப்பத்துநான்கு மசோதாக்கள் கிடந்தன. வழக்கமாக வாசிப்பவருக்கு எருக்குழி ஒழுங்குமுறைச் சட்டத்தின் நடுவில் தொண்டை கட்டிவிட்டது.

"அந்த முப்பத்துநாலுல என் தொழில மூடுற மசோதாவும் இருக்கா?"

"கடைசில இருக்கு."

"அப்ப எனக்கு இதுல சொந்த லாபம் இருக்கே ஃபெர்ன். நான் படிக்கலாமா?"

"இருக்குன்னு வாயால சொல்லிட்டல்ல? அவ்வளவுதான். இங்க அப்படித்தான். சொல்லிட்டா சரியாயிடும்."

நோலாவுக்கு அது புரியவில்லை. மறுநாள் சபையில் புரிந்தது.

சபாநாயகரின் மேடைக்குக் கீழே அவளுக்கு ஒரு சாய்வு மேசை கொடுத்தார்கள். அவள் படித்தாள். நூறு உறுப்பினர்கள் இருந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் விதைப் பட்டியல் புரட்டினார். இருவர் சோளப்பொரியை மாறி மாறி வாய்க்குள் எறிந்துகொண்டார்கள். நோலா சந்தேகப்பட்டு, நிலத்தடி நீர் மசோதாவின் ஐந்தாம் பிரிவில், "இரண்டு அடுப்புள்ள காஸ் ஸ்டவ், ஒன்று எரியும்" என்று சேர்த்துப் பார்த்தாள். யாரும் தலை தூக்கவில்லை.

ஒவ்வொரு மசோதாவும் படித்து முடிந்து, வாக்கெடுப்புக்கு முன்னால், சில சமயம் ராய்ஸ் டெல்மன் எழுந்து நின்றார். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"சபாநாயகர் அவர்களே, இந்த மசோதாவில எனக்குச் சொந்த லாபம் இருக்கறத வெளிப்படையா அறிவிக்கறேன். வாக்களிக்கறதுலருந்து என்னை விலக்கணும்னு கேட்டுக்கறேன்."

"உறுப்பினர் விலக அனுமதி கேட்கிறார்" என்றார் சபாநாயகர் கான்ஸ்டன்ஸ் ஹோல்ட்ரிஜ். "ஆட்சேபம் உண்டா?"

சபாநாயகர் சுத்தியலை உயர்த்திப் பிடித்துக் காத்திருந்தார். மூன்றாவது வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவரின் தாடை அசைந்தது. பிறகு அவர் கை மேசையைத் தேடிப் பிடித்தது. பிறகு குரல் வந்தது.

"ஆட்சேபம்."

"ஆட்சேபம் இருக்கு. விலக்க முடியாது. உறுப்பினர் வாக்களிப்பார்." சுத்தியல் விழுந்தது. ராய்ஸ் வருத்தத்தோடு தலையசைத்து, உட்கார்ந்து, ஆதரவாக வாக்களித்தார்.

மதியச் சாப்பாட்டில் நோலா ஃபெர்னைக் கேட்டாள்: "அந்தப் பெரியவருக்கும் ராய்ஸுக்கும் என்ன பகை?"

"பகையா? அது மரியாதை. ஆரின் வீச் ஐயாவுக்கு எண்பத்தொண்ணு. இருபத்தாறு வருஷமா அந்த ஒரு வார்த்தைதான் பேசுறாரு. ஒருத்தர் விலகணும்னா ஒருத்தர்கூட ஆட்சேபிக்கக் கூடாது, விதி அது. ஐயா ஆட்சேபிச்சுடுவாரு. கேட்டவருக்கு நேர்மையும் ஆச்சு, ஓட்டும் ஆச்சு."

"யாருமே விலகினதில்லயா?"

"இதுவரைக்கும் இல்ல. போன வருஷம் சபையோட நேர்மைக் கேடயம் டெல்மனுக்குத்தான். நாப்பத்தோரு தடவ எழுந்து நின்னிருக்காரு. மத்தவங்க ஆறத் தாண்டல."

நோலா ரொட்டிச் சுருளைக் கீழே வைத்தாள்.

அன்று மாலை தாழ்வாரத்தில் ஆரின் வீச் அவளைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். "நல்லாப் படிக்கிற பொண்ணே. தாலாட்டு மாதிரி இருக்கு."

"உங்க தூக்கத்தக் கெடுத்துடறேனா ஐயா?"

"இல்ல இல்ல. காதுதான் கொஞ்சம் லேட்டா வரும். வாய் வந்துடும். சபாநாயகர் அம்மா நல்லவங்க, எனக்காக நிப்பாங்க."

சுத்தியலைப் போடாமல் மூன்று நொடி நிற்பார். நோலா அன்று மாலைக்குள் எட்டுத் தடவை எண்ணிப் பார்த்திருந்தாள்.

* * *

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு ஒரே ஒரு மசோதா மிச்சமிருந்தது. இருபத்திரண்டு பக்கம். பன்னிரண்டு அடித்தால் எல்லாம் முடிந்தது. படித்து, வாக்கெடுத்து முடிக்காத மசோதா செத்தது.

நோலா சாவகாசமாக முதல் பக்கத்தைத் திருப்பினாள். நூற்றிருபது வார்த்தை வேகத்தில் தொடங்கினாள். அவளுடைய திட்டம் அவ்வளவுதான். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசி, அந்த மசோதாவைக் கொன்றுவிடுவது. பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்த விர்ஜில் புரிந்துகொண்டு புன்னகைத்தான்.

ராய்ஸும் புரிந்துகொண்டார். துள்ளி எழுந்தார்.

"சபாநாயகர் அவர்களே! வாசிக்கிறவங்க வேணும்னே மெதுவாப் படிக்கிறாங்க! வேகமாப் படிக்கச் சொல்லுங்க!"

"எவ்வளவு வேகமா?"

"அவங்களால எவ்வளவு முடியுமோ அவ்வளவு!"

பாலம் கிடைக்காத உறுப்பினர் எழுந்தார். "அவ்வளவு வேகமாப் படிச்சா யாருக்காவது புரியுமா? அதத் தடுக்கத்தானே உங்க மசோதா?"

"புரியணும்னு அரசியல் சட்டம் சொல்லல" என்றார் ராய்ஸ். "படிக்கணும்னுதான் சொல்லுது. புரியறது பொதுமக்களுக்கு. இது சட்டசபை."

சபையில் கைத்தட்டல் எழுந்தது. மாடத்து நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள். "வாசிப்பவர் முழு வேகத்தில் படிக்கவும்" என்றார் சபாநாயகர். ராய்ஸ் உட்காரவில்லை. வியாபாரி அல்லவா, ஒரு காரியத்தில் நேரத்தை எங்கெல்லாம் மிச்சப்படுத்தலாம் என்று அவருக்குத் தெரியும்.

"இன்னொண்ணு. கேள்வி கேக்கறது, பதில் வாங்கறது இதெல்லாம் வாசிக்கறவங்களே செஞ்சுடட்டும். சபாநாயகர் சுத்தியல மட்டும் பாத்துக்கட்டும். பத்து நிமிஷம் மிச்சம்."

"ஆட்சேபம் உண்டா?"

மூன்றாவது வரிசையில் தாடை அசைந்தது. ராய்ஸ் பதறிக் கையை ஆட்டினார். "இது இல்ல ஐயா! இது இல்ல! அப்புறம்!" ஆரின் வீச் மறுபடி சாய்ந்துகொண்டார்.

இப்போது நோலாவின் திட்டம் போய்விட்டது. சபை உத்தரவிட்டுவிட்டது. அவள் ராய்ஸைப் பார்த்தாள். ராய்ஸ் பற்களைக் காட்டி, கையைச் சக்கரம் மாதிரிச் சுற்றினார். ம், ஓட்டு, ஓட்டு.

அவள் ஓட்டினாள். முதல் நான்கு பக்கம் ஒரே மூச்சு. "ஏலக்காரர் எவரும் நிமிடத்துக்கு நூற்றிருபது வார்த்தைகளுக்கு மேல் உச்சரிக்கலாகாது" என்ற வரி கண் இமைப்பதற்குள் பறந்து போனது. மாடத்தில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். ராய்ஸ் இன்னும் சுற்றினார். "வேகமா!" என்று வாயசைத்தார். வழியில் வந்த சின்னக் கேள்விகளையும் அவளே கேட்டாள். திருத்தம் உண்டா இல்லை, டக். விவாதம் உண்டா இல்லை, டக். சபாநாயகரின் சுத்தியலுக்கு அந்தத் தாளம் பிடித்துப்போயிற்று. நோலா மூச்சு இழுக்கும் இடத்தில் அது தானாகவே விழுந்தது. ஏலத்தில் கூட்டத்தை இப்படித்தான் பிடிப்பாள். பத்து நிமிடம் போதும், நூறு பேரின் கையும் அவள் வாயோடு கட்டப்பட்டுவிடும்.

பதினொன்று நாற்பத்தொன்பதுக்கு இருபத்திரண்டாம் பக்கம் முடிந்தது. ராய்ஸ் டெல்மன் எழுந்து நின்றார். கை நெஞ்சுக்குப் போனது.

"சபாநாயகர் அவர்களே, இந்த மசோதாவில எனக்குச் சொந்த லாபம் இருக்கறத வெளிப்படையா அறிவிக்கறேன். வாக்களிக்கறதுலருந்து என்னை விலக்கணும்னு கேட்டுக்கறேன்." பாதி உட்கார்ந்தபடியே, "சீக்கிரம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

நோலா மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். ஆரின் வீச்சின் தாடை அசைந்தது.

அவள் அதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. முப்பது வருஷத்தில் ஒரு புருவத்தைக்கூட அவள் தவறவிட்டதில்லை. கேட்க வாயெடுத்தவனைப் பார்த்துவிட்டும் சுத்தியலைப் போடும் ஏலக்காரருக்கு அந்த மாவட்டங்களில் ஒரே பெயர்தான் உண்டு, திருடன். மாடத்தில் விர்ஜிலும் பார்த்துவிட்டான். அவன் தொண்டையில் "யெப்" ஏறி வந்தது. முப்பது வருஷப் பழக்கம், அவனால் அடக்க முடியவில்லை. தொப்பியைக் கழற்றி வாய்க்குள் திணித்துக்கொண்டான்.

"ஆட்சேபம்உண்டா ஒருதரம் ரெண்டுதரம் மூணுதரம் இல்லை விலக்கியாச்சு" என்றாள் நோலா.

டக்.

"ஆட்..." என்றார் ஆரின் வீச்.

"விலக்கியாச்சு, வாக்கெடுப்பு, பொத்தானை அழுத்தவும்" என்றாள் நோலா.

சுவர்ப் பலகையில் விளக்குகள் எரிந்தன. ராய்ஸ் தன் பொத்தானை அழுத்தினார். எரியவில்லை. மறுபடி அழுத்தினார். விலக்கப்பட்டவரின் பொத்தானைப் பூட்டிவிட வேண்டும் என்பது விதி. ஃபெர்ன் அப்டன், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒருமுறைகூடத் திருப்பாத ஒரு சாவியை, சற்று எண்ணெய் விட்டுத் திருப்பியிருந்தாள்.

ஆதரவு ஐம்பது. எதிர்ப்பு நாற்பத்தொன்பது. நிறைவேற ஐம்பத்தொன்று வேண்டும். ராய்ஸ் தேவைக்கு மேல் சரக்கு வாங்கும் வியாபாரி அல்ல. ஐம்பது பேரைப் பேசி முடித்திருந்தார். ஐம்பத்தொன்றாவது அவரேதான்.

"நிறைவேறவில்லை" என்றாள் நோலா. டக்.

"நிறுத்துங்க!" ராய்ஸின் குரல் கூரையைத் தொட்டது. "நான் இன்னும் ஓட்டே போடல!"

சபாநாயகர் சுத்தியலையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க விலகிட்டீங்க."

"நான் விலகல!"

"விலக்கச் சொல்லிக் கேட்டீங்களே."

"கேட்டேன்! குடுப்பீங்கன்னா கேட்டேன்? குடுக்க மாட்டீங்கன்னுதானே கேட்டேன்! நாப்பத்தோரு தடவையும் அப்படித்தானே கேட்டேன்!"

மாடத்தில் நிருபர்கள் ஒருவர்கூடத் தலை தூக்காமல் எழுதினார்கள். முதல் வரிசையில் இருந்த அவருடைய கட்சிக்காரர் ஒருவர் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். ராய்ஸ் உதறினார்.

"என் பணத்துல தேர்தலுக்கு நின்னு, என் நேரத்தச் செலவு பண்ணி, என் மசோதாவ நானே எழுதிக் கொண்டு வந்திருக்கேன். அதுக்கு நான் ஓட்டுப் போடக் கூடாதா? அப்புறம் எதுக்குய்யா ஒரு மனுஷன் சபைக்கு வரணும்?"

"குறிப்பில் சேர்க்கவா?" என்று ஃபெர்ன் கேட்டாள்.

"ஒரு வார்த்தை விடாமல்" என்றார் சபாநாயகர்.

மணி பதினொன்று ஐம்பத்தாறு. ராய்ஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். உள்ளுக்குள் இருந்த வியாபாரி திரும்பி வந்தான். குரலைத் தணித்துக்கொண்டு, வாக்கெடுப்பை ரத்து செய்து மறுபடி எடுக்க வேண்டும் என்று கேட்டார். ஏகமனதாக ஒப்புக்கொண்டால் செய்யலாம், விதியில் இடமிருக்கிறது. எதிர்த்து வாக்களித்தவர்கள்கூடச் சங்கடத்தோடு மேசையைப் பார்த்தார்கள். கண்ணெதிரே ஒரு மனிதன் கெஞ்சும்போது எழுந்து முகத்திலடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. பாலம் கிடைக்காதவர்கூட வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருஷப் பாலம் ராய்ஸின் கட்சி கையில்தான் இருந்தது.

இந்தக் கேள்வியைச் சபாநாயகர் நோலாவிடம் விடவில்லை. தானே எழுந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"உறுப்பினரின் வேண்டுகோளுக்கு ஆட்சேபம் உண்டா?"

நோலாவால் ஒன்றும் செய்ய முடியாது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஜூன் மாதத்துச் சனிக்கிழமைகள் நான்கும் அந்த நிசப்தத்தில் தொங்கின. ஒரு நொடி. ராய்ஸ் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக் கும்பிடாத குறையாகத் தலையசைத்தார். இரண்டு நொடி. பற்கள் மெல்லத் தெரிய ஆரம்பித்தன.

ஆரின் வீச் எழுந்து நின்றார். இருபத்தாறு வருஷத்தில் அவர் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் தன் கடமையைத் தவறவிட்டதில்லை, இன்று தவறிவிட்டது. அந்த அவமானத்தில் கிழவரின் காது இரண்டும் சிவந்திருந்தன. இன்னொரு தடவை விடுவதாக இல்லை. இரண்டு கைகளாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு, சபை அதுவரை கேட்டிராத குரலில் சொன்னார்:

"ஆட்சேபம்!"

சபாநாயகர் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். சுத்தியல் விழுந்தது.

"ஐயா!" ராய்ஸ் கிட்டத்தட்ட அழுதார். "இது இல்ல ஐயா, இது இல்ல!"

ஆரின் வீச் அவர் பக்கம் திரும்பி, பெருமையோடு கட்டை விரலை உயர்த்தினார். "கவலப்படாத தம்பி. முன்னாடி கொஞ்சம் அசந்துட்டேன். இந்தத் தடவ கரெக்டாச் சொல்லிட்டேன் பாத்தியா?"

பன்னிரண்டு அடித்தது.

* * *

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் பனி உருகித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. விர்ஜில் தன் தொப்பியைப் பிழிந்து பார்த்துவிட்டு வண்டிக்குள் எறிந்தான். சாவியைப் போட்டான், திருப்பவில்லை.

"நோலா. மொத தடவ அந்தப் பெரியவர் வாய் அசஞ்சுது."

"ஆமா."

"நீ பாத்த."

"பாத்தேன்."

"முப்பது வருஷத்துல நீ ஒருத்தரக்கூட அப்படி விட்டதில்ல." அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். கட்டடத்தின் பக்கவாட்டுக் கதவிலிருந்து ராய்ஸ் டெல்மன் வந்துகொண்டிருந்தார். பின்னால் ஏழெட்டு நிருபர்கள் ஓடி வந்தார்கள். யாரோ ஒரு கேள்வி கேட்டார்கள். ராய்ஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஒரு வார்த்தையும் வரவில்லை. விர்ஜில் நோலாவின் பக்கம் திரும்பினான். "மனசுக்குக் கஷ்டமா இருக்கா?"

நோலா யோசித்துப் பார்த்தாள். நேர்மையாகவே யோசித்தாள். ராய்ஸ் தன் காரின் கதவைத் திறக்க முடியாமல் தடுமாறி, சாவியைச் சேற்றில் போட்டு, நிருபர்களின் கால்களுக்கு நடுவில் குனிந்து தேடுவதை முழுசாகப் பார்த்து முடிக்கும்வரை யோசித்தாள்.

"இல்ல" என்றாள். "பசிக்குது."